இரண்டு தடவை கலைத்த சாக்கெட்

தான் எழுதிய வரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி கிடப்பதை ரகுநாத் காலை ஆறரை மணிக்குப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து அன்றுதான் மடிக்கணினியைத் திறந்திருந்தார். வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். திரை எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி அமராவதி ஜெயில் சட்டம் மாதிரி நடத்தினாள். தடை நீங்கிய முதல் நாள் அது. குளித்துத் திருநீறு பூசி, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெயில் பட்டியலைத் திறந்தால் இது.

அந்தப் பட்டியல் ஒரு கெர்னலுக்கானது. கணினியின் அடிமட்டத்தில் இருந்துகொண்டு மற்ற நிரல்களுக்கெல்லாம் இடமும் நேரமும் பிரித்துக் கொடுக்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். இதைப் பல நாடுகளிலிருந்து பல ஆயிரம் பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் எதை மாற்றினாலும் பட்டியலில் எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டு, கீழே தன் பெயரைக் கையெழுத்தாக இட வேண்டும். சேர்க்கும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி. நீக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி.

நான்கு வருடத்துக்கு முன்னால் ரகுநாத் கூட்டல் குறியோடு சேர்த்தது ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே ‘ரகுநாத் பிச்சைமுத்து அம்பலம்’ என்று அப்பா பெயரும் வீட்டுப் பெயருமாக முழுக்கக் கையெழுத்திட்டிருந்தார். குளத்தூரில் அம்பலகாரர் வீடு என்றால் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் வாங்கும் வீடு. அந்த வீட்டின் மேல் யாரும் விரல் நீட்டியதில்லை. பெங்களூரில் தொலைபேசி இணைப்பகங்களுக்கு நிரல் எழுதி முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்தபோதும் ரகுநாத் மேல் ஒரு குறிப்பாணை கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு எழுதிய அந்த ஒரு வரி உலகத்துப் போன்களிலும் பெட்டிகளிலும் ஓடுகிறது என்று போன கல்யாணங்களில் எல்லாம் சொல்லியிருந்தார். மாற்றங்களைப் பார்த்துச் சேர்க்கும் பராமரிப்பாளர் ‘ஏற்றுக்கொண்டேன், நல்ல வேலை’ என்று அனுப்பிய மெயில் கண்ணாடி போட்டுக் கூடத்தில் தொங்கியது.

அந்த வரியைத்தான் யாரோ நீக்கச் சொல்கிறார்கள். யார் என்று பார்த்தார். சுகுணா அருண்குமார். அவருடைய மருமகள். இதே வீட்டு மாடியில் உட்கார்ந்து திருச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறவள்.

மெயிலின் தலைப்பு, ‘எண் கிடைக்காதபோது சாக்கெட்டை இரண்டாவது தடவை கலைக்காதே’ என்றிருந்தது. இரண்டாவது தடவையாம். ரகுநாத்துக்குக் காது மடல் சுட்டது.

கீழே பராமரிப்பாளரின் பதில் இருந்தது. திருத்தம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் ஃபிக்ஸஸ் வரி எங்கே என்று கேட்டிருந்தார். எந்தப் பழைய மாற்றம் பிழையைக் கொண்டுவந்ததோ, அதன் அடையாளத்தைத் திருத்துகிறவர் எழுதிக் காட்ட வேண்டும். அதுதான் ஃபிக்ஸஸ் வரி. அந்த மாற்றத்தை எழுதியவருக்குப் பெயர் சொல்லி நகலும் அனுப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்து மறுபடி அனுப்பு என்று முடித்திருந்தார். பத்தொன்பது நாளாகியும் சுகுணா பதில் எழுதவில்லை.

அமராவதி வந்து காபி ஆறுகிறது என்றாள். மருமகளைக் கீழே வரச் சொல் என்றார். அவள் கம்பெனிக் கூட்டத்தில் இருக்கிறாள், எட்டு மணி ஆகும் என்று பதில் வந்தது. இந்த வீட்டில் ஒரு மனிதன் கோபப்படுவதற்குக்கூட மற்றவர்களுடைய கூட்டம் முடியக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தோஹாவில் இருக்கும் மகன் அருண்குமாருக்குப் போன் போட்டார்.

“அப்பா, கண்ணு எப்படி இருக்கு?”

“நல்லாத் தெரியுது. அதான் கூப்பிட்டேன்.”

அப்பா பட்டியலைத் திறந்துவிட்டார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அருண்குமார் ஒவ்வொன்றாகக் கக்கினான். இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே சுகுணா பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். மாமாவிடம் முதலில் சொல்கிறேன் என்றவளை அவன்தான் தடுத்தான். அப்பாவின் கண்ணில் கட்டுப் போட்டிருக்கும்போது அனுப்பிவிடு, அவர் பட்டியலைத் திறப்பதற்குள் பழசாகிவிடும் என்று யோசனை சொன்னதும் அவன்தான். அப்பா பெயர் வராமல் பார்த்துக்கொள் என்றதும் அவன்தான்.

“ஏன்டா, எங்கப்பன் செத்த பிறகும் அவர் பேருக்கு ஒரு மறைப்பு வேணும்னு நீ முடிவு பண்ணிட்டியா? அதுவும் நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்கிற நேரமாப் பாத்து.”

அருண்குமார் இன்னொரு வழியும் சொன்னான். அந்த வரிக்கு அடியில் வேலை செய்யும் செயற்கூறு (நிரலின் ஒரு துண்டு) ஒன்றை ஆறு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் மாற்றியிருக்கிறார். ஃபிக்ஸஸ் வரியில் அந்த மாற்றத்தைப் போட்டுவிடலாம். அந்த ஆள் இப்போது கெர்னல் பக்கமே வருவதில்லை, யாரும் கேட்க மாட்டார்கள்.

ரகுநாத் போனை வைத்துவிட்டார். தன் வரி சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாதபோது அடுத்தவன் மேல் பழி போடுகிற பேச்சு எதற்கு?

விஷயம் இவ்வளவுதான். ஒரு நிரல் வேறொரு இயந்திரத்தோடு பேச வேண்டுமானால் கெர்னலைக் கேட்கும். கெர்னல் நினைவகத்தில் கொஞ்சம் இடம் எடுத்து ஒரு சாக்கெட்டைக் கட்டும். கட்டிய பிறகு அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணைச் சொல்லித்தான் நிரல் சாக்கெட்டைப் பயன்படுத்த முடியும். ஒரு நிரலுக்கு இத்தனை எண்தான் என்று வரம்பு உண்டு. சில சமயம் சாக்கெட்டைக் கட்டி முடித்திருப்பார்கள், கொடுக்க எண் மீதி இருக்காது. அப்போது கட்டியதைக் கலைத்து, எடுத்த இடத்தைத் திருப்பிவிட வேண்டும். கலைக்காமல் விட்டால் யாருக்கும் உதவாமல் அந்த இடம் அடைந்து கிடக்கும்.

சாக்கெட்டைக் கட்டும் செயற்கூறு, எண் கொடுக்கும் வேலையை இன்னொரு கோப்பில் இருக்கும் செயற்கூறிடம் ஒப்படைக்கிறது. எண் இல்லை என்று பதில் வந்தால் பிழை என்று சொல்லிவிட்டுச் சும்மா திரும்பிவிடுகிறது. கட்டியதைக் கலைக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் அதைப் பார்த்தபோது ரகுநாத்துக்கு அருவருப்பாக இருந்தது. விருந்து முடிந்து இலையைப் போட்டபடி எழுந்து போன வீட்டைப் பார்த்த மாதிரி. அவர் அப்பா நார்த்தாமலைத் திருவிழாவுக்கு வருடா வருடம் ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் போடுவார். திருவிழா முடிந்த மறுநாள் நம் ஆட்கள்தான் அதைப் பிரிக்க வேண்டும், ஒரு மூங்கில்கூட அடுத்தவன் கைக்குப் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கட்டியவனே கலைக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தார்.

எட்டே காலுக்குச் சுகுணா இறங்கி வந்தாள். அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். வாய் அதிகம் இல்லை. மேசையில் திறந்து கிடந்த திரையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“உக்காருத்தா. இரண்டாவது தடவைன்னா என்ன அர்த்தம்?”

“கீழ உள்ளதும் கலைக்குது மாமா. எண் இல்லைன்னா அதுவே சாக்கெட்டைக் கலைச்சுட்டுத்தான் பதில் சொல்லுது. அப்புறம் நம்ம வரி வந்து மறுபடி கலைக்குது.”

நம்ம வரி என்றாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எண் கொடுக்கிறவன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, அடுத்தவன் கட்டியதில் அவன் எதற்குக் கை வைக்கிறான் என்று கேட்டார். அது அங்கிட்டு உள்ள வழக்கம் மாமா என்று அவள் மெதுவாகச் சொன்னாள். ஒப்படைத்துவிட்டால் அதோடு அது அவர்கள் பொறுப்பு. எண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடித்துவைப்பது அவர்கள்தான்.

நான்கு வருடமாக உலகம் முழுக்க ஓடுகிறதே, ஒருவருக்கும் தெரியாமல் உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றார். அவள் சொன்னாள். எண் தீர்ந்துபோவதே அபூர்வம். தீர்ந்து, இரண்டு தடவை கலைத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முதல் தடவை கலைத்ததற்கும் இரண்டாவதற்கும் நடுவில் அதே இடத்தைக் கெர்னல் வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்தான் வினை. அவள் கம்பெனி பால் சொசைட்டிகளுக்குப் பெட்டி செய்து தருகிறது. பாலின் அளவையும் கொழுப்பையும் எடுத்து அனுப்பும் பெட்டி. காலையில் பத்துப் பதினைந்து கருவிகள் ஒரே நேரத்தில் இணையும்போது எண் தீர்கிறது. பெட்டி செத்துப்போகிறது. அதை அணைத்துப் போட்டு எழுப்புவதற்குள் முக்கால் மணி நேரம். பொம்பளைகள் கேனோடு வெயிலில் நிற்கிறார்கள்.

“போன வாரம் நார்த்தாமலை சொசைட்டியில மூக்காயின்னு ஒரு அக்கா, பெட்டியைத் தூக்கிக் கெணத்துல போடுறேன்னு எங்க ஆளை வெரட்டிருச்சு” என்றாள் சுகுணா.

அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அமராவதிக்குக் கெர்னலும் தெரியாது, சாக்கெட்டும் தெரியாது. ஆனால் ஒன்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

“ஏங்க, ஒங்க அப்பா செபமாலை வீட்டுப் பந்தலைப் பிரிச்ச கதை மாதிரியா?”

ரகுநாத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் உள்ளே போயிருப்பார்கள். அமராவதி போகவில்லை. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடம். சுகுணா அந்தக் கதையைக் கேட்டதில்லை என்பதால் சாவகாசமாகச் சொன்னாள். ஒரு வருடம் திருவிழா முடிந்த அன்றைக்கே கூலிக்கு வந்த ஆள் தண்ணீர்ப் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டான். பெரியவருக்குத் தெரியாது. மறுநாள் அதே இடத்தில் செபமாலை என்பவர் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட்டிருக்கிறார். பெரியவர் நாலு ஆளோடு போய், நம் பந்தலில் யாரோ உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் பார் என்று கயிற்றை அறுத்துவிட்டார். சாம்பார் வாளியோடு நின்றவன் மேல் கீற்று விழுந்தது.

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது ரகுநாத்துக்குத் தெரிந்தது.

பந்தல் கதையை நம்பி அவர் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. சோதனை காட்டு என்றார். அவள் மாடியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தாள், சின்ன டிபன் பாக்ஸ் அளவு. எண்களின் வரம்பைப் பதினாறாகக் குறைத்து, ஆயிரம் சாக்கெட் கேட்கும் ஒரு சின்ன நிரலை ஓட்டினாள். பெட்டி செத்தது. மறுபடி ஓட்டச் சொன்னார். செத்தது. கரண்டு சரியில்லை என்று இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றச் சொன்னார். அங்கேயும் செத்தது. பிறகு தானே விசைப்பலகையை வாங்கித் தன் வரியை மட்டும் நீக்கிக் கெர்னலைக் கட்டி ஏற்றி ஓட்டினார். ஆயிரம் கேட்டும் சாகாமல் ஓடியது. பத்தாயிரமாக்கினார். அதுவும் ஓடியது. இந்தப் பாழாய்ப்போன பெட்டி ஒரு தடவையாவது தன் பக்கம் நிற்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

அதன் பிறகுதான் அந்த இன்னொரு கோப்பைத் திறந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் திறக்காத கோப்பு. எண் கொடுக்கும் செயற்கூறின் தலைமாட்டில் மூன்று வரியில் குறிப்பு எழுதியிருந்தது: எண் கிடைக்காவிட்டால் சாக்கெட் இங்கேயே கலைக்கப்படும், அழைத்தவர் அதன் பிறகு அதைத் தொடக் கூடாது. அந்தக் குறிப்பு எழுதிய தேதி அவர் வரிக்கு இரண்டு வருடம் முந்தியது.

ரகுநாத் அந்த மூன்று வரியையும் மறுபடி படித்தார். தெரியாமல் செய்தது என்று சொல்லக்கூட வழி இல்லை. எழுதி வைத்திருந்தார்கள். தன் வீட்டுச் சட்டமே ஊர்ச் சட்டம் என்று நினைத்து, அடுத்த வீட்டில் என்ன வழக்கம் என்று எட்டிப் பார்க்காமல் விட்டிருந்தார்.

சுகுணா எழுந்து மாடிக்குப் போனாள். அமராவதி இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணி வரை அவர் அசையவில்லை. மகன் சொன்ன வழி அப்போதுதான் உண்மையிலேயே மனதுக்குள் வந்து உட்கார்ந்தது. ஃபிக்ஸஸ் வரியில் அந்த வெளிநாட்டுக்காரனின் மாற்றத்தைப் போட்டால் என்ன? அவன் கலைக்கிற வேலையைக் கீழே கொண்டு போகாமல் இருந்திருந்தால் இவர் வரி சரியாக இருந்திருக்கும். அரைப் பொய்தான். அவனுக்கு அப்பா பெயரைக் கையெழுத்தில் சுமக்கும் வழக்கம் உண்டா, கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறானா, எதுவும் தெரியாது. இங்கேயோ பிச்சைமுத்து அம்பலம் என்ற பெயர் குற்றத்தின் பக்கத்தில் அழியாமல் உட்கார்ந்துவிடும். பட்டியலில் ஏறியதை யாராலும் எடுக்க முடியாது. பேரன் பேத்தி தேடினாலும் அதுதான் முதலில் வரும்.

வெளிநாட்டுக்காரனின் பழைய மாற்றத்தைத் திறந்து பார்த்தார். நறுக்கென்று எழுதியிருந்தான். அதற்கு முன்னால் சாக்கெட்டை யாருமே கலைக்காமல் இருந்திருக்கிறார்கள். இவன்தான் முதன்முதலில் அதைக் கவனித்து, ஓர் இடத்தில் முறையாகக் கலைக்க வைத்து, மறக்காமல் குறிப்பும் எழுதியிருக்கிறான். தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போனவன். அவன் பெயருக்கு நேராகத் தன் பிழையை எழுதுவது என்றால், அது இரவல் வாங்கிய வேட்டியில் கை துடைக்கிற காரியம். அப்பா பந்தலைப் பிரித்த அன்று சாயங்காலமே செபமாலை வீட்டு வாசலில் போய் நின்று, தப்பு என்னுடையது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார் என்பதை அமராவதி சொல்லாமல் விட்டுவிட்டாள். அவளுக்கு எப்போதும் கீற்று விழுந்ததோடு கதை முடிந்துவிடும்.

சரி என்று நிமிர்ந்து உட்கார்ந்து புது மெயில் திறந்தார். என் பிழையை நானே திருத்துகிறேன் என்று தொடங்கி, அந்த ஒரு வரியை நீக்கும் திருத்தத்தைத் தன் பெயரில் எழுதினார். ஃபிக்ஸஸ் வரியில் தன் மாற்றத்தையே போட்டார். கடைசியில், பிழையைக் கண்டுபிடித்தவர் சுகுணா என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. செய்தவனே வந்து சரிசெய்தான் என்று உலகம் பார்க்கட்டும். அனுப்புவதற்கு முன்னால், முறை என்று ஒன்று இருக்கிறதே என்று சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள். அவர் எதிர்பார்த்த மலர்ச்சி முகத்தில் வரவில்லை.

“மாமா, இது நான் போட்ட திருத்தம்.”

“ஒன் பேரும் இருக்கேத்தா, பாரு. கண்டுபிடிச்சவர்னு போட்டிருக்கேன்.”

“நான் கண்டுபிடிச்சு, திருத்தி, சோதிச்சு, அனுப்பியும் வச்சுட்டேன். கண்டுபிடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க மறுபடியும் முதல்லேருந்து எடுக்க வர்றீங்க.” அவள் குரல் உயரவில்லை. “ஒரு தடவை எடுத்ததை இன்னொரு தடவை எடுக்கக் கூடாதுன்னுதானே மாமா அந்த மெயிலே.”

ரகுநாத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த வீட்டில் இவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. பேச வாயைத் திறந்தவர், திரையில் இருந்த தன் மெயிலைப் பார்த்தார். வரிக்கு வரி அவள் திருத்தம். பெயர் மட்டும் அவருடையது. காலையில் மனதுக்குள் ஒப்புக்கொண்ட தப்பையே, கௌரவம் என்று பெயர் வைத்து, இன்னொரு தடவை செய்யப் போயிருக்கிறார். திறந்த வாயை மூடினார்.

அப்படியானால் நீ ஏன் பத்தொன்பது நாளாக அந்த ஆளுக்குப் பதில் போடவில்லை என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

சுகுணா கூடத்துத் தூணைப் பார்த்தாள். “ஒங்க பேரை நான் எப்படி மாமா எழுதுவேன்.”

அந்த வீட்டில் பெண்கள் மாமனார் பெயரைச் சொல்வதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, அமராவதி சொல்லாததைப் பார்த்துச் சுகுணாவும் சொல்லாமல் பழகிவிட்டாள். கேஸ் சிலிண்டர்காரன் பெயர் கேட்டால் வாசல் பலகையைக் கை காட்டுவாள். சாதாரணமாகவே சொல்லாத பெயரை, தப்பு செய்தவர் என்று உலகத்துக்கு எழுதுவதா? அருண்குமார் தடுத்தது ஒரு சாக்கு. அவன் தடுக்காவிட்டாலும் அவள் கை வந்திருக்காது.

ரகுநாத்துக்கு அலுத்துப்போனது. மகன் ஒரு பக்கம் மறைக்கிறான், மருமகள் ஒரு பக்கம் மரியாதை பார்க்கிறாள், நடுவில் பால் கேனோடு பொம்பளைகள் வெயிலில் நிற்கிறார்கள். எல்லாம் இவர் கௌரவத்துக்காகவாம். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இங்க பாருத்தா. மரியாதைன்னா பேரைச் சொல்லாம இருக்கிறது இல்லை. செஞ்சதை நான்தான் செஞ்சேன்னு சொல்ல விடுறது. நீ மறைச்சா, அம்பலகாரர் வீட்டுல தப்பை மூடி வைப்பாங்கன்னு ஆயிரும். உக்காரு. நான் சொல்றேன், நீ எழுது.”

அவள் உட்கார்ந்தாள். தன் பழைய மெயிலைத் திறந்து, ஃபிக்ஸஸ் வரியில் அவருடைய மாற்றத்தின் அடையாளத்தைப் போட்டாள். நகல் போக வேண்டியவர் பெயர் என்ற இடத்தில் விரல் நின்றது. அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் வாய் திறக்காமல் தட்டினாள். பிச்சைமுத்து என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். திருத்தினார். மெயில் போனது.

அடுத்து அவர் முறை. மூத்த புரோகிராமர், முப்பத்தைந்து வருட அனுபவம். விளக்கமாக இரண்டு பத்தி எழுதலாம் என்று கை துடித்தது. கீழ்க்கோப்பின் குறிப்பைப் படிக்காமல் எழுதினேன், பிழை என்னுடையது, திருத்தம் சரி, ஏற்கிறேன் என்று மட்டும் எழுதி முழுப் பெயரையும் இட்டார். கை கட்டிக்கொண்டு நிற்பதுதான் அன்றைக்கு அவருக்கு இருந்த வேலை. அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் பெங்களூரில் அவர் பார்த்ததில்லை.

மறுநாள் பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. ‘ஏற்றுக்கொண்டேன், நன்றி.’ அவ்வளவுதான். பழி இல்லை, பாராட்டும் இல்லை. அவன் ஒரு நாளைக்கு நூறு திருத்தம் பார்க்கிறவன்.

ரகுநாத் முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. கெர்னலின் பழைய பதிப்புகளைப் பழைய இயந்திரங்களுக்காகத் தனியாகப் பராமரிக்கிறார்கள். ஒரு திருத்தம் ஏறினால் அதை ஒவ்வொரு பதிப்பிலும் சேர்ப்பார்கள், சேர்க்கும் முன் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் மெயில் வரும். அடுத்த வாரம் ஒரே காலையில் ஆறு மெயில். ஆறிலும் அதே பிழை, அதே ஃபிக்ஸஸ் வரி, அதே அப்பா பெயர். ஒரு தடவை ஒப்புக்கொண்டால் போதாதா, ஆறு தடவையா என்று அமராவதியிடம் பொருமினார். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, ஆறாவதையும் படித்தீர்களா என்று மட்டும் கேட்டாள். ஆட்சேபம் இருந்தால் இரண்டு நாளுக்குள் சொல்லவும் என்று ஒவ்வொன்றின் அடியிலும் இருந்தது.

ஆறாவது, எட்டு வருடப் பழைய பதிப்பு; அவர் வரியைப் பிற்பாடு அதிலும் சேர்த்திருந்தார்கள். இந்தத் தடவை ரகுநாத் தன் வரியைப் பார்க்கவில்லை. நேராகக் கீழ்க்கோப்பைத் திறந்தார். மூன்று தடவை மேலும் கீழும் போனார். குறிப்பு இல்லை. கலைக்கும் வரியும் இல்லை. வெளிநாட்டுக்காரனின் மாற்றம் அந்தப் பதிப்புக்கு வரவே இல்லை. அங்கே எண் கிடைக்காவிட்டால் சாக்கெட்டைக் கலைக்க இருந்தது ஒரே ஒரு வரி, அம்பலகாரர் வீட்டு வரி. அதைத்தான் நீக்கப் போகிறார்கள்.

அவருக்கு எழுந்து நின்று சத்தம் போட வேண்டும் போல இருந்தது. எழுதவும் தொடங்கிவிட்டார். பாதியில் நிறுத்திச் சுகுணாவைக் கூப்பிட்டார். இதை நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார்.

அவள் குனிந்து இரண்டு கோப்பையும் படித்தாள். பெட்டியில் அந்தப் பழைய பதிப்பை ஏற்றி இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தாள். “கரெக்ட்தான் மாமா. இதுல எடுத்தா லீக் ஆகும், இடம் அடைஞ்சு கிடக்கும். எனக்கு மீட்டிங் இருக்கு, நீங்களே சொல்லிருங்க.”

இந்தப் பதிப்பில் அழைத்தவர்தான் கலைக்க வேண்டும், திருத்தத்தைச் சேர்க்க வேண்டாம் என்று இரண்டே வரி எழுதினார். கூடுதலாக எழுதியிருந்த பத்தியை அழித்தார். மத்தியானம் சாப்பிடும்போது பதில் வந்தது. ‘இந்தப் பதிப்பிலிருந்து திருத்தத்தை நீக்கிவிட்டேன்.’

நன்றி என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. ரகுநாத் போனைக் கவிழ்த்து வைத்தார். ஆறு தடவை ஊரைக் கூட்டித் தப்பைச் சொல்லத் தெரிகிறது, ஒரு தடவை சரியென்று சொல்லத் தெரியவில்லை, என்ன ஜனங்களோ என்று சோற்றைப் பிசைந்தார். சரியாகத்தான் இருந்தது என்று அவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்களா என்று அமராவதி கேட்டாள். ஆமாம் என்றார். அப்புறம் என்ன, மோர் ஊற்றட்டுமா என்றாள்.

எதிரே சுகுணா ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நார்த்தாமலை சொசைட்டியில் புதுக் கெர்னலோடு பெட்டி ஆறு நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று ஆள் சொல்லியிருக்கிறான். அவள் அதைப் படித்துச் சொல்ல, ரகுநாத் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஆறு நாள்தானே, பத்து நாள் போகட்டும் என்றார்.